பீடத்தில் வைத்த கேசட்

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று ஆராதனை நடுவில் சத்தமாகப் படிப்பார்கள். மூன்றாவது ஓலைக்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் அடுத்தது கல்யாணம்தான். என் பெயரையும் மூன்று முறை வாசித்திருக்கிறார்கள். ஒரு வருடம் ஒரு முறை, அடுத்த வருடம் இரண்டு முறை. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கல்யாணம்தான் நடக்கவில்லை.

நின்றுபோனதற்குக் காரணம் ஒரு வீடியோ கேசட். ஐரோப்பாவில் பெயர் வாங்கிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரன், கிடாரும் டிரம்ஸுமாக ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தபோது எடுத்த படம். அவனுக்கும் கொடைக்கானலில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவனுக்குப் பின்னால் நின்று பாடிய மூன்று பெண்களில் ஒருத்தி என் தங்கை.

நாங்கள் ஒரு மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தை நம்பியிருந்த குடும்பம். அப்பா அங்கே தோட்டவேலை பார்த்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே, நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். அம்மா சின்னப் பிள்ளைகள் விடுதியில் ஆயா. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று அதே பள்ளிக்கூடத்தின் தையல் அறையில் சேர்ந்தேன். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஸ்வெட்டர் முழங்கைக்கு ஒட்டுப் போடுவது என் பிழைப்பு. தங்கைக்கு ஆண்டவர் நல்ல தொண்டையைக் கொடுத்தார், மூத்தவளுக்குப் பொறுமையைக் கொடுத்தார் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். எனக்கு அப்படி ஒன்றும் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

தங்கையின் தொண்டை நிஜம்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாக ஒரு சரணம் எடுத்தால், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு டீச்சர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பாடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். எங்கள் பாடகர் குழுவில் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்பது சட்டம். அவள் நிற்பாள். ஆனால் அவளுடைய குதிகால் மட்டும் அங்கியின் அடியில் தாளம் போட்டுக்கொண்டிருப்பது பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

அவள் மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்தாள். அங்கே இருந்த ஒரு டாக்டரம்மா தயவில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். போய்ச் சில வருடங்களில், அங்கே ஒரு தேவாலயத்தில் அவள் பாடியதைக் கேட்டவர்கள் மூலமாக இந்தப் பாட்டுக்காரனின் குழுவில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நீண்ட லீவு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். 'பெரிய மேடை, கண்ணுக்கெட்டிய தூரம் ஜனங்கள், நான் பின்னால் நின்று பாடுகிறேன், ஊர் ஊராகப் போகிறோம்' என்று அம்மாவுக்கு எழுதினாள்.

அம்மா கண்ணுக்கெட்டிய தூரம் ஜனங்களைப் பார்த்தது நற்செய்திக் கன்வென்ஷனில்தான். அங்கே மேடையின் முன்னால் ஒருவர் நின்று பிரசங்கம் செய்வார். பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் பாடுவார்கள். ஊர் ஊராகவும் போவார்கள். தன் மகள் அந்த மாதிரி ஒரு குழுவில் ஊழியம் செய்கிறாள் என்று அம்மா முடிவு கட்டினாள். சும்மா முடிவு கட்டியதோடு விடவில்லை. சந்தையில், தண்ணீர்க் குழாயில், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், போகிற இடமெல்லாம் சொன்னாள். ஏற்கெனவே, வெளிநாட்டுக்குத் தனியாகப் போன பொண்ணு என்ன செய்கிறதோ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த சபைக்கு அது ஒரு நல்ல பதிலாக இருந்தது.

இதற்கிடையில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கும் தலையில் முடி குறையத் தொடங்கியிருந்தது. பெண் பார்க்க வந்தவர், ஜன்னல் வழியாகத் தெரிந்த யூகலிப்டஸ் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது மட்டும் என்னிடம், "இங்க வெளிச்சம் நல்லாருக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். தங்கைக்கும் எழுதினோம். வருகிறேன் என்று பதில் போட்டாள். முதல் ஓலை வாசித்த அந்த வாரமே மாப்பிள்ளையின் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். துக்க வீட்டில் வருடம் திரும்பாமல் மேளம் கொட்டக் கூடாது என்றார்கள். கல்யாணம் தள்ளிப்போயிற்று. தங்கைக்குத் தந்தி அடித்தோம். அவள் வரவில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் முதல் ஓலையிலிருந்து தொடங்கினார்கள். முதல் ஓலை வாசித்த வாரத்தில் அந்தக் கேசட் வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு ஜெர்மனி போயிருந்த எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் தங்கையைப் பார்த்துவிட்டு வாங்கி வந்திருந்தார். "உங்க மகள் இதிலே பாடுறா. ரொம்ப அழகா பாடுறா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அம்மா கையில் கொடுத்தார். அட்டையில் அந்தப் பாட்டுக்காரன் தோள்வரை தொங்கும் முடியோடும் தாடியோடும் இரண்டு கையையும் விரித்து நின்றான். மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஊழியக்காரர் மொகத்துல எம்புட்டு அமைதி பாரு" என்றாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் வேலை செய்த இடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெட்டிகளில் இந்த மாதிரி தாடிகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, மொதல்ல நாம மட்டும் பாத்துருவோம். அப்புறம் ஊருக்குக் காட்டலாம்."

"மொதப் பலனை வீட்டுல ருசி பாத்துட்டு மிச்சத்தையா ஆண்டவருக்குக் கொண்டு போவாங்க?"

இந்த முதற்பலன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் எது முதலில் கைக்கு வந்தாலும் பீடத்துக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும். பள்ளங்கி கிராமத்துப் பக்கம் குத்தகைக்குப் பூண்டு போட்டவர்கள் முதல் கொத்தைக் கொண்டுவருவார்கள். கேரட், பீன்ஸ், பேரிக்காய், கோழி முட்டை எல்லாம் வரும். வேலைக்குப் போன பிள்ளையின் முதல் சம்பளம் உறையோடு வரும். வீட்டில் யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதுகூடக் கிடையாது. ஐயர் (எங்கள் சபையின் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார். ஆராதனை முடிந்ததும் காய்கறியையும் கோழியையும் வாசலில் ஏலம் போடுவார்கள்.

அம்மாவுக்கு இந்தக் கேசட் தங்கையுடைய பாட்டின் முதற்பலன். ஆகவே அது எங்கள் வீட்டில் ஒரு வாரம் பைபிளுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் காகிதம் கிழிக்காமல் இருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் அம்மா செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாள். இரண்டாவது ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டாரைக் கொடைக்கானலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். ஐயரிடம் பேசி, சாப்பாட்டுக்குப் பிறகு சபைக் கூடத்தில் போட்டுக் காட்ட அனுமதி வாங்கினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துத் தம்பி ஒருவர் இருந்தார். மலை உயரத்துக்கு இலங்கை டிவி தெரிகிறது என்பதற்காகவே டிவி வாங்கியவர். பிறகு அதையும் கேசட் போட்டுப் பார்க்கும் ஒரு டெக்கையும் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். அவரையும் பிடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில் அம்மா, பூண்டுக்கும் பேரிக்காய்க்கும் நடுவில் அந்தக் கேசட்டை வைத்தாள். ஐயர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் தாடிக்காரனைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண்ணில் தண்ணீர். அவர் அதை உயர்த்திப் பிடித்து, இந்தச் சகோதரியின் குரல் தேச தேசங்களில் உமக்கு மகிமையாக விளங்குவதாக என்று ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது. நல்லவேளை, கோழியோடு சேர்த்து ஏலத்தில் விடவில்லை. பிறகு என் இரண்டாவது ஓலையை வாசித்தார்கள்.

சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் ஐயர், மூப்பர்கள், மாப்பிள்ளை, அவருடைய அம்மா. மறுபடியும் ஒரு ஜெபம். எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடினோம். ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் தம்பி பொத்தானை அமுக்கினார்.

முதலில் இருட்டும் கூச்சலும். பிறகு டமார் என்று ஒரு சத்தம். புகைக்குள்ளிருந்து அந்த ஊழியக்காரர் மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு குதித்து வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளி மினுக்கும் குட்டைப் பாவாடையில் மூன்று பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் இருந்தவள் என் தங்கை.

ஒரு மூப்பர் தரையைப் பார்த்தார். ஆனால் ஒரு கண்ணை டிவியில் விட்டுவைத்துத்தான் பார்த்தார். ஐயர் கைகளைக் கோத்துக்கொண்டு ஆடாமல் இருந்தார். காலையில் பீடத்தில் வைத்து ஜெபித்த பொருளை மத்தியானம் நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் பாவாடையும் தெரியவில்லை, இடுப்பும் தெரியவில்லை.

"எம் மக" என்றாள், பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு. "நடுவுல நிக்கிறா பாருங்க. எம் மக."

மூன்றாவது பாட்டு மெதுவானது. அவன் பாடி நிறுத்த, தங்கை தனியாக ஒரு வரி எடுத்தாள். அவள் முகம் டிவி முழுக்க வந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் சரணம் எடுக்கும்போது இருக்கும் அதே முகம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், அத்தனை வெளிச்சத்தில், யாரும் ஆடாதே அசையாதே என்று சொல்லாத இடத்தில் அவள் நின்று பாடினாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு ஊர், சபை, சம்பந்தி வீடு எதுவும் பொருட்டாக இல்லை. மாப்பிள்ளையின் அம்மாகூட உச்சுக் கொட்டி, "கொரல் நல்லாத்தான் இருக்கு மதினி" என்றார்கள்.

நான்காவது பாட்டில் அவளைக் காணோம்.

அதே இடத்தில், அதே வெள்ளிப் பாவாடையில் வேறொருத்தி நின்றாள். தங்கையைவிட உயரம், சுருட்டை முடி. பாட்டின் நடுவில் ஒரு கணம் தங்கை தெரிந்தாள். மறுபடி அந்த உயரக்காரி. அதற்குப் பிறகு தங்கை வரவேயில்லை. கூடத்தில் மெதுவாகப் பேச்சு கிளம்பியது.

"இப்ப இருந்தாளே. எங்க போனா?"

"தண்ணி குடிக்கப் போயிருப்பா" என்றாள் அம்மா.

ஒரு பாட்டு போயிற்று. இன்னொரு பாட்டு போயிற்று.

"இம்புட்டு நேரமா தண்ணி குடிக்கிறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

கடைசியில் எல்லாரும் கைகோத்து ஜனங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். அதிலும் தங்கை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். என் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வெரசாக் கெளம்புனாத்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும்" என்று எழுந்தார்கள். மாப்பிள்ளை டெக் தம்பியிடம், லைட்டெல்லாம் எப்படிப் போட்டிருப்பாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மா கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

எங்கள் ஆட்களுக்குக் கச்சேரி என்றால் ஒரு சாயங்காலம் தொடங்கி அன்றைக்கே முடிகிற விஷயம். படத்தில் பார்த்ததையும் அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். தொடக்கத்தில் நின்ற பெண்ணைப் பாதிக் கச்சேரியில் மேடையைவிட்டு இறக்கிவிட்டார்கள். அவள் உடுப்பை இன்னொருத்திக்கு மாட்டி நிறுத்திவிட்டார்கள். எதற்கு? செவ்வாய்க்கிழமைக்குள் மார்க்கெட்டில் காரணங்கள் கிளம்பிவிட்டன. குடித்துவிட்டு வந்திருப்பாள் என்றார்கள். முழுகாமல் இருந்திருப்பாள், அதுதான் மயங்கி விழுந்திருப்பாள் என்றார்கள். இரண்டாவது காரணம்தான் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. புதன்கிழமை ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது ஓலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்வதாகச் சொன்னார். அம்மா அவருக்குக் காப்பி கொடுக்க மறந்துபோனாள்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த டெக் தம்பிதான் எனக்கு விவரம் சொன்னார்.

"அக்கா, இது ஒரே நாள்ல எடுத்த படம் இல்லீங்க. மேடைக்குப் பின்னாடி இருந்த தட்டியைக் கவனிச்சீங்களா? ரெண்டு மூணு தினுசு மாறுது. பல ஊர்ல எடுத்து வெட்டி ஒட்டியிருக்காங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். கல்யாணப் பெண் தானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நியாயம் பேசுவது எந்த ஊர் வழக்கமும் இல்லை. கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும், "உள்ள வா தாயி" என்றார்கள். நான் உட்காராமலே சொன்னேன்.

"அத்தை, அது ஒரே நாள்ல எடுத்த படம் இல்லீங்க. பல ஊர்ல, பல நாளு எடுத்து ஒட்டினது. அவளை யாரும் பாதியில எறக்கி விடலை."

அவர்கள் கீரையைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தார்கள். கெட்ட மனுஷி இல்லை. நிதானமாகத்தான் யோசித்தார்கள்.

"முட்டி தெரிய உடுத்துறதை நான் ஒண்ணும் சொல்லல தாயி. அந்த ஊர்ல அப்படித்தான் உடுத்துவாங்க. ஆனா நீ சொல்றதைப் பாத்தா சேதி இன்னும் மோசமால்ல இருக்கு. ஒரே நாளுன்னா, வயித்துவலி, காய்ச்சல், எறங்கிப் போயிட்டான்னு மனசைத் தேத்திக்கலாம். பல நாளுன்னா, கொஞ்ச நாளு வச்சிருந்துட்டு வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னுல்ல ஆகுது? நல்லாப் பாடுற புள்ளைய எதுக்கு அனுப்புனாங்க?"

நான் ஸ்வெட்டரை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ அக்காதானே. உனக்கு ஒண்ணும் எழுதலையா?"

"இல்லீங்க அத்தை."

"கூடப்பொறந்தவளுக்கே எழுத முடியாத விஷயம்னா, நான் என்னன்னு நெனைக்கிறது?"

அவர்கள் கேட்டதில் ஒரு ஓட்டை இல்லை. நான் தூக்கிக்கொண்டு வந்த உண்மையே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. உள்ளேயிருந்து மாப்பிள்ளை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து செம்பை வாங்கிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரட்டுங்களா?" என்று கேட்டார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே நடந்து போனேன்.

மூன்றாவது ஞாயிறு ஐயர் அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது எல்லாம் வந்தது. பிறகு நேராகக் காணிக்கைக்குப் போய்விட்டார். அத்தனை தலையும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தன. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்கவே இல்லை, அதற்குள் தடை சொல்லியாகிவிட்டது.

தங்கைக்குக் கேட்டு எழுதியிருக்கலாமே என்று சொல்லலாம். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முடிந்த பிறகு எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. அவள்மேல் எனக்குக் கண்மண் தெரியாத கோபம். போன இடத்தில் என்ன கூத்தடித்து வெளியே அனுப்பப்பட்டாளோ, அதைப் படமாகவும் அனுப்பி என் தலையில் மண்ணை வாரிப் போட்டாளே என்று பொருமினேன். அம்மா எழுதினாள். கேசட் பார்த்தோம், சந்தோஷம் என்று ஒரு வரி. அக்கா கல்யாணம் நின்றுபோயிற்று, கர்த்தருடைய சித்தம் என்று இன்னொரு வரி. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று அவள் எழுதவில்லை. பீடத்துக்குக் கொண்டுபோனது தன் கை அல்லவா? கர்த்தரின் சித்தம் அவளுக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கிறிஸ்துமஸுக்குத் தங்கை வந்தாள். மறுபடி ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். கன்னம் ஒட்டியிருந்தது. மேடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சபையில் பாடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. நான் அவளோடு சாப்பிடு, படு என்பதற்கு மேல் பேசாமல் பல நாள் ஓட்டினேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், மூடுபனி விலகி வெயில் அடித்ததால் கம்பளிகளைத் துவைத்துப் போட்டேன். நனைந்த கம்பளியை ஒருத்தியால் பிழிய முடியாது. அவள் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையை முறுக்கினேன். கையில் அத்தனை பாரம் இருந்ததாலோ என்னவோ, வாயை அடக்க முடியவில்லை.

"அந்தப் படத்துல பாதிக்கு மேல ஒன்னைக் காணோமே. எதுக்கு அனுப்புனாங்க?"

அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"அனுப்பலக்கா. நான்தான் போறேன்னு சொன்னேன். ஒன் கல்யாணத்துக்கு வரணும்னு லீவு கேட்டேன். படம் வேற எடுக்குறோம், நடுவுல விட முடியாது, போறதுன்னா மொத்தமாப் போ, வேற ஆளைப் போட்டுக்கிறோம்னாங்க. போறேன்னுட்டேன். டிக்கெட் எடுத்து, பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தேன். அன்னைக்குத்தான் தந்தி வந்துச்சு, கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு."

"திரும்பப் போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். அதுக்குள்ள என் டிரெஸ்ஸைப் பிரிச்சு அந்தப் புள்ளைக்கு அளவு தச்சுட்டாங்க. மறு வருஷம் ஆஸ்பத்திரியில லீவு இல்ல. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு எழுதல."

கம்பளியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டு வாசலில் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நல்லாப் பாடுற புள்ள எதுக்குப் போனாள்? உங்கள் மகனுடைய கல்யாணத்துக்காகத்தான் போனாள். இந்த ஒரு வரி அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால், அந்த நிதானமான மனுஷி எழுந்து என்னைக் கட்டிப் பிடித்திருப்பார்கள்.

"பெறகு எதுக்கு அந்தக் கேசட்டை அனுப்புன?"

"அம்மா ஒரு தடவையாவது பாக்கட்டுமேன்னுதான். இனி அந்த மாதிரி மேடை எனக்குக் கெடைக்காதுக்கா."

கம்பளியைக் கொடியில் போட்டோம். அவள் சுருக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சரி, ஒன் கல்யாணம் எதனாலதான் நின்னுச்சு? அம்மாவைக் கேட்டா கர்த்தர் சித்தம்னே சொல்லுது."

அடுப்படியில் அம்மா இருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வெளியே வந்து சொல்லுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். வரவில்லை. தங்கையின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தேன். உன் கேசட்டால்தான், எனக்காக நீ விட்டுப்போன அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் வேண்டாமென்றார்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இரண்டு வருடமாக அவளிடம் சொல்ல நான் கூர் தீட்டி வைத்திருந்ததும் அதுதான்.

"எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல" என்றேன்.

அவள் கை நின்றது.

"பிடிக்கலையா?"

"பிடிக்கல. நான்தான் வேணாம்னுட்டேன்."

கம்பளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, சின்ன வயதில் நான் அவள் பொருளை எடுத்துவிட்டால் வருமே, அந்தக் குரலில் கேட்டாள்.

"பிடிக்கலைன்னா மொதல்லயே ஒரு வரி எழுதியிருக்கலாமேக்கா. நான் என் எடத்தை விட்டிருக்க மாட்டேன்ல."

அடுப்படியில் மறுபடி பாத்திரம் உருளத் தொடங்கியது. ஊருக்குத் திரும்பும்வரை தங்கை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதங்களெல்லாம் அம்மா பெயருக்குத்தான் வந்தன. நான் வேண்டாமென்று தள்ளிய ஒரு கல்யாணத்துக்காகத் தன் பாட்டைத் தொலைத்துவிட்டதாக அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.